பூக்காத வருஷத்துப் பூ

குழந்தைகளே, முதலில் ஒரு விடுகதை. முதல் வருஷம் வராமல் இருந்ததும் குற்றம், இரண்டாம் வருஷம் வந்து நின்றதும் குற்றம். அது என்ன? அவசரமில்லை, கதை முடிவதற்குள் சொன்னால் போதும்.

ஒரு காட்டில், குளிர் விலகாத மலைச்சரிவில், பூவாயி என்றொரு தாய்முயல் இருந்தது. வனத் தோட்டத் துறை அதற்கு ஒரு பாத்தி ஒதுக்கியிருந்தது. அதில் அது ஸ்வீட் வில்லியம் விதைத்தது. ஒரே காம்பின் தலையில் சிவப்பும் வெள்ளையுமாகக் கொத்தாய்ப் பூக்கும் செடி. ஆனால் முதல் வருஷம் வெறும் இலைதான். பூ மறு வருஷம். தினமும் ஓடையிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தது மகள் மின்னி.

வருஷக் கடைசியில் ஆய்வாளர் நரியார் படிவத்தோடு வந்தார்.

"பூ எங்கேம்மா?"

"அடுத்த வருஷம்தாங்க ஐயா பூக்கும். இந்தச் செடியோட குணமே அப்படி."

"குணம் இருக்கட்டும். படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லையே! பூ உண்டு, பூ இல்லை, ரெண்டே கட்டம். 'இல்லை'ன்னு டிக் அடிச்சா, வரிசையில அடுத்து நிக்கிற குரங்குக்குப் பாத்தி போயிடும். திங்கட்கிழமை மறுபடி வர்றேன்."

குரங்கு வேலிமேல் உட்கார்ந்து ஊஞ்சலுக்கு இடம் அளந்துகொண்டிருந்தது. "அக்கா, போகும்போது அந்த மூலைக் கல்லை எடுத்துட்டுப் போயிடாதீங்க. எனக்கு வேணும்."

பூவாயி சந்தைக்கு ஓடி, ஒரு கூடை பிளாஸ்டிக் பூ வாங்கி வந்து இலைகளுக்கு நடுவே செருகியது. திங்கட்கிழமை நரியார் மோந்துகூடப் பார்க்கவில்லை. போட்டோ எடுத்தார், 'உண்டு' என்று டிக் அடித்தார், கேடயமும் கொடுத்தார்.

மறு வருஷம் நிஜப் பூ வந்தது. கிராம்பு வாசனை சரிவெங்கும் பரவியது. பூவாயி பிளாஸ்டிக்கை எல்லாம் பிடுங்கிக் கூடையில் போட்டுவிட்டு, தலை நிமிர்ந்து நின்றது.

நரியார் பழைய போட்டோவைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்னம்மா இது, தேனீ மொய்க்குது! இதழ் வாடியிருக்கு. போன வருஷம் ஒண்ணுகூட உதிரலையே? தரம் இறங்கிடுச்சு."

"ஐயா, இதுதாங்க நிஜம். போன வருஷம் வச்சது பிளாஸ்டிக்."

"கேடயம் வாங்கின பூவையா குறை சொல்றீங்க? அந்த ரகத்தையே திரும்ப வைங்க. இல்லேன்னா பாத்தி குரங்குக்கு."

பூவாயி மகளைப் பார்த்தது. "நீ தண்ணி ஊத்தி வளர்த்த செடி. நீயே சொல்லு கண்ணு, எது இருக்கட்டும்?"

மின்னி நிஜப் பூவை மோந்து பார்த்தது. ஓடைப் பாதையைப் பார்த்தது. கூடையிலிருந்த பிளாஸ்டிக்கைக் காட்டியது. பிறகு குடத்தைக் கவிழ்த்து வைத்தது.

நீதி: பொய் சொல்வதானால் சுமாராகச் சொல்ல வேண்டும், மறு வருஷம் உண்மை வந்து அதைவிட நன்றாக இருந்தாக வேண்டுமே.