பந்தோடு வெளிநாடு போனவர்கள்

உலகத்தில் எல்லா ஊருக்கும் பூகோளம் உண்டு. ஆனால் பூகோளமே சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கிற ஊர், டெக்சாஸின் தென்கோடியில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வாழும் கோடோ ஒன்றுதான். வடக்கே கள்ளிக்காடு, கிழக்கே கள்ளிக்காடு, மேற்கே கள்ளிக்காட்டைப் பார்த்தபடி ஒரு பெட்ரோல் பங்க். தெற்கே ரியோ கிராண்டே என்னும் மாபெரும் நதி. கோழி முழங்கால் நனையாமல் கடக்கும். அதற்கு அந்தப் பக்கம் மெக்சிகோ.

ஆகஸ்ட் வெள்ளத்தில் நதி கொஞ்சம் வடக்கே புரண்டு படுத்தது. படுத்த இடம் பள்ளிக்கூட மைதானத்தின் தெற்குக் கோடு. பந்தோடு ஓடி எந்தக் கோட்டைத் தாண்டினால் புள்ளி கிடைக்குமோ, அதே கோடு.

பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு ரூஃபினோ எஸ்கமிய்யா பயிற்சியாளர். சனிக்கிழமை இறுதிப் போட்டி. கோப்பை வந்தால் பள்ளி பிழைக்கும். வராவிட்டால் அறுபது மைல் தள்ளியிருக்கும் மெஸ்கலெரோ வெல்ஸ் பள்ளியோடு இணைத்துவிடுவதாக மேலிடம் எழுதியிருந்தது. எதிரணியும் அவர்கள்தான். கோடோ அணியில் மொத்தமே ஆறு பிள்ளைகள்.

'நதி நடத்தை விசாரணைக் குழு' உடனே கூடியது.

"ஆறு மெதுவா நகர்ந்திருந்தா எல்லையும் கூடவே நகரும். தாவியிருந்தா எல்லை பழைய இடத்துலயே நிக்கும். இது நகர்ந்துச்சா, தாவுச்சா?" என்றார் குழுத் தலைவர்.

"நான் பாக்கறப்ப அது பாட்டுக்குப் போயிட்டிருந்துச்சுங்க," என்றார் மேயர் இமெல்டா பாயேசா.

இரண்டு நாள் ஆழ்ந்து சிந்தித்த குழு, நதி 'மிதமான வேகத்தில் தாவியது' என்று வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவுக்கு வந்தது. தாவியதால் ஆட்டம் நடக்கலாம். ஆனால் வேகம் மிதமானது என்பதால், நதியைத் தாண்டுகிறவர் அயல்நாடு சென்றவர். நாற்பது மைல் தள்ளியுள்ள பாலம் வழியாகத்தான் திரும்ப வேண்டும். அணிகள் பக்கம் மாறக் கூடாது, மாறினால் வரைபடம் குழம்பும். கோடோ புள்ளி எடுக்க வேண்டியது தெற்குக் கோட்டில்.

சனிக்கிழமை மத்தியானம் எல்லை அதிகாரி புரூயிட் அம்மையார் கரையில் குடையும் நாற்காலியுமாக அமர்ந்தார். முதலில் பந்தோடு பாய்ந்து வந்தவன் பெட்டோ.

"வெளிநாடு போற காரணம்?"

"டச்டவுன், மேடம்!"

"பழம், காய்கறி ஏதாவது இருக்கா?"

"பந்து மட்டும்தான்!"

தாண்டினான். புள்ளி கிடைத்தது, ஆள் போனான். எதிர்க்கரையில் சோளம் விற்கும் டோன்யா செலா அவனுக்கு வேகவைத்த சோளத்தில் மிளகாய்ப்பொடி தூவிக் கொடுத்தாள்.

"கோச், சோளம் சூப்பர்!" என்று கத்தினான்.

"வாயை மூடுடா!" என்றார் ரூஃபினோ.

புள்ளிக்கு ஒரு ஆள் வீதம் அணி குறைந்தது. வடக்குக் கோட்டில் மெஸ்கலெரோ வெல்ஸ் சிரமமில்லாமல் புள்ளி சேர்த்தது. ஐந்துக்கு ஐந்து. கோடோவில் மிஞ்சியவன் எலீசியோ ஒருவன். எதிரே ஆறு பேர். ரூஃபினோ கண்ணை மூடிக்கொண்டார். எலீசியோ ஓடினான். துரத்திய ஆறு பேரும் கரையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். நான்கு மணிக்கு அவர்களுக்கு பஸ்.

வெற்றி! ரூஃபினோ மேயரம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்.

குழுத் தலைவர் கோப்பையோடு எழுந்தார். "ஜெயிச்ச டீம் எங்க?"

"அதோ, சார். சோளம் சாப்பிட்டுட்டிருக்காங்க," என்றார் ரூஃபினோ.

"அது வெளிநாடாச்சே! கோப்பை வாங்க டீம் நாட்டுக்குள்ள இருக்கணும்."

ஆகவே, 'கடைசிவரை தாய்மண்ணை விட்டு ஓரடியும் நகராத மாவீரர்களுக்கு' என்று வாசித்து, கோப்பை மெஸ்கலெரோ வெல்ஸுக்கு வழங்கப்பட்டது. அவர்கள் அதை பஸ்ஸில் ஏற்றினார்கள். கோடோ பள்ளியும் அதோடு ஏறிவிட்டது என்பது எல்லோருக்கும் புரிந்தது.

ரூஃபினோ ஷூவைக்கூடக் கழற்றாமல் தண்ணீரில் இறங்கினார்.

"கோச், நில்லுங்க! அந்தப் பக்கத்துலேர்ந்து உங்களைக் காப்பாத்தத்தானே நான் இங்க உக்காந்திருக்கேன்!" என்று பதறினார் புரூயிட்.

"ரொம்ப நன்றி, மேடம். ஆனா பள்ளிக்கூடத்தைத் தூக்கிட்டுப் போறவங்க உங்க முதுகுக்குப் பின்னால இருக்காங்க. நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்குங்க."