வேந்தன் வைஃபை ஏறிய படலம்

வாழ்க மணியம்! பாசிர் கூடாங் ஆலையொன்றின் இயந்திரங்களுக்கெல்லாம் இருபத்தெட்டு ஆண்டுகளாக நாடி பார்த்துவரும் கரத்தான், ஸ்க்ரூடிரைவரையே செங்கோலாய் ஏந்தியவன், சட்டைப் பையில் இன்சுலேஷன் டேப்பை ஆரமாய்த் தரித்த மார்பன், லாபிஸ் தோட்டத்து ஐயாசாமி பெற்ற தலைமகன், மாசாய் வரிசை வீடுகளில் பதினேழாம் எண் நாட்டை ஆளும் கோமான், புஷ்பவள்ளியின் கணவன், வாழ்க! அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி நண்பகலில் முடித்த மாபெரும் போரை, அதில் சிந்திய குருதி ஒரே துளி என்பதையும் அதுவும் கம்பி குத்தி வந்தது என்பதையும் மறைக்காமல், உள்ளது உள்ளபடி உரைக்கப் புகுகிறோம். கலைமகளே, சொல்லி முடிக்கும்வரை கரண்ட் போகாமல் காத்தருள்வாய்.

போருக்குக் காரணமான பொருள் அவ்வீட்டு முன்கூடத்தில், சன்னலோர மேசைமேல் கொலு வீற்றிருந்தது. அது ஒரு மேசைக் கணினி. தொண்ணூற்றேழாம் ஆண்டில், மானிட்டரை மடியிலும் பெட்டியைக் காலிடுக்கிலும் வைத்து, ஜோகூர் பாருவிலிருந்து பேருந்தில் ஏற்றி, ஒவ்வொரு மேடுபள்ளத்துக்கும் நெஞ்சு பதைபதைக்க மணியம் கொண்டுவந்து குடியேற்றிய கணினி. அன்று வெண்மேனியாய் இருந்தது. வெயில் பட்டுப் பட்டு இன்று பழுத்த மாம்பழத் தோலின் நிறம் கொண்டுவிட்டது. யானையின் பின்பாகம் போல் பருத்து நீண்ட மானிட்டரும், எழுப்பினால் மலையருவி போல் இரையும் விசிறியும், தொட்டால் குதிரைக் குளம்பொலி எழுப்பும் கீபோர்டும் உடைய அந்தப் பெருமானுக்கு மணியம் வேந்தன் என்று பெயர் சூட்டியிருந்தான். புஷ்பவள்ளி அதைப் பொட்டி என்றே அழைத்தாள்.

புஷ்பவள்ளியின் பெருமையையும் இங்கே சொல்லியாக வேண்டும். மாசாயிலும் அதைச் சுற்றியுள்ள அடுக்குமாடிகளிலும் தீபாவளி முறுக்கு என்றால் அவள் முறுக்கு. அவள் பிழிந்த வட்டங்களின் ஒழுங்கைக் கண்டு காம்பஸ் கருவிகள் நாணித் தலைகுனியும். தீபாவளிக்கு மூன்றே வாரம் இருந்தது. மாவு டின்கள் படையெடுத்து வந்துவிட்டன. தட்டுகளை ஆறவைக்க இடம் இல்லை. அடுக்களையைக் கடந்து, சாப்பாட்டு மேசையைக் கைப்பற்றி, நாற்காலிகளையும் வென்று முன்னேறிய அவளது சேனை, இறுதியில் சன்னலோர மேசையின் எல்லையில் வந்து நின்றது.

அன்று அவள் விடுத்த பிரகடனம் இது:

“இந்தப் பொட்டி எதுக்குங்க? நெட்டு வராது, படம் வராது, ஒன்னும் வராது. ஞாயித்துக்கெழம அந்தப் பழைய சாமான் லாரி வரும்ல, அதுக்குள்ள இது வைஃபைல ஏறணும். வைஃபைல ஏறலன்னா லாரில ஏறும். சொல்லிட்டேன்.”

முரசு ஏதும் அறையப்படவில்லை. குக்கர் ஒருமுறை விசிலடித்து அப்பிரகடனத்துக்கு முத்திரை இட்டது.

வேலிக்கு அப்பால் இதைக் கேட்டுவிட்டான் அடுத்த வீட்டு ரூபேந்திரன். தினந்தோறும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூர் சென்று மீளும் வீரன். அங்கிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு புதுக் கைபேசியோடு திரும்பும் செல்வன். அவன் வேலிமேல் தலையை நீட்டிச் சொன்ன சொல் மணியத்தின் மார்பில் வேலாய்ப் பாய்ந்தது:

“அலமாக், மணியண்ணே! அது வைஃபைல ஏறுமா? பூனைக்கு வீடு கட்டத்தான் நல்லாருக்கும்லா.”

மணியம் இன்சுலேஷன் டேப்பை ஒருமுறை தொட்டுக்கொண்டான்.

எதிரியின் வலிமை எத்தகையது? வேந்தன் பிறந்த காலத்தில் வீடுகளில் வைஃபை என்ற ஒன்றே கிடையாது. சில ஆண்டுகள் கழித்துப் பழைய கணினிகளுக்கென்று வந்த வைஃபை அட்டைகளுக்கோ, அந்தக் காலத்துச் சின்னத் தாழ்ப்பாள் ஒன்றுதான் தெரியும். கொண்டை ஊசி வைத்து நெம்பினால் அது திறந்துகொள்ளும். கூடத்து மூலையில் நான்கு கொம்பு முளைத்து நிற்கும் இன்றைய ரௌட்டரோ, அத்தகைய தாழ்ப்பாளோடு வருகிற எவரையும் ஏறெடுத்தும் பாராது. புதிய பூட்டு, புதிய கைகுலுக்கல், கணந்தோறும் புதிதாய்ப் பின்னப்படும் மறைமொழி இவற்றால் சூழப்பட்ட அக்கோட்டைக்குள் கிழவர்களுக்கு அனுமதி இல்லை. போதாக்குறைக்கு, சென்ற மாதம் யாரோ தன் வைஃபையில் ஏறிப் படம் பார்த்துவிட்டார்கள் என்று ஐயுற்ற புஷ்பவள்ளி, இருபத்திரண்டு எழுத்தில் ஒரு பாஸ்வர்டை நிறுவி, கோட்டையின் காவலைத் தன் கைபேசியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே மணியம் ஒரு தூதனை வரவழைத்தான். தீப்பெட்டி அளவே உள்ள ஒரு சிறு கருவி. ஒரு பக்கம் அது புதுப் பாஷை பேசி ரௌட்டரோடு முறைப்படி கைகுலுக்கும். மறுபக்கம் கேபிள் வழியாக வேந்தனின் முதுகில் உள்ள பழைய நெட்வொர்க் துளையில் நுழைந்து, அவனுக்குப் புரிந்த பழைய பாஷையில் சேதி சொல்லும். தான் வைஃபையில் இருப்பது வேந்தனுக்கே தெரியாது. ஏதோ கம்பியில்தான் இருக்கிறோம் என்று கடைசிவரை நம்பிக்கொண்டிருப்பான். ராஜதந்திரம் என்றால் இதுவன்றோ!

ஞாயிறு வந்தது. மணியம் குளித்து, நெற்றியில் நீறு பூசி, தூதனை வேந்தனோடு பிணைத்து, அடுக்களை நோக்கிக் குரல் கொடுத்தான்.

“வள்ளி, பாஸ்வர்ட் என்னா?”

“பெரிய எம், சின்ன யூ, பெரிய ஆர்…” என்று தொடங்கி, எண்களும் நட்சத்திரக் குறியும் விரவி, இடையில் முறுக்கு அச்சைத் தேடுவதற்காக ஒருமுறை நின்று, மந்திரம் முழுதும் ஓதப்பட்டது. மணியம் குளம்பொலி அதிர அதைத் தட்டினான். தூதனுக்கு ஒரு பெயர் வேண்டும் என்றது திரை. அக்கருவிக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது; ஆகவே ஆங்கில எழுத்திலேயே தன் வேந்தனின் பெயரைப் பெருமிதத்தோடு பொறித்தான்.

தூதனின் நெற்றியில் பச்சை விளக்கு எரிந்தது! கைகுலுக்கல் முடிந்தது! கோட்டைக் கதவு திறந்தது! அடுக்களையில் எங்கோ ‘டிங்’ என்று ஒரு சிறு மணி ஒலித்தது. போர்க்களத்தில் அதையெல்லாம் யார் கவனிப்பார்கள்? மணியம் கைகூப்பி எழுந்து நின்றான். அவன் பத்து எண்ணுவதற்குள் விளக்கு சிவந்து, தூதன் கோட்டை வாயிலுக்கு வெளியே குப்புற விழுந்து கிடந்தான்.

கேபிள்தான் துரோகி என்று மணியம் தீர்மானித்தான். பழைய கேபிளை வெட்டி, எட்டு நிற இழைகளையும் பிரித்து, புதுத் தலை பொருத்தும்போது இழையொன்று கட்டைவிரலைக் குத்தியது. முன்னமே சொன்ன அந்த ஒரு துளி குருதி இங்கேதான் சிந்தியது. விரலை வாயில் வைத்தபடியே இரண்டாம் முறை தூதனை ஏவினான். பச்சை. டிங். சிவப்பு.

இனி வேந்தனின் வயிற்றைத் திறப்பதே வழி. திறந்தான். இருபத்தெட்டு ஆண்டுத் தூசி, கோடைக்காலத்துச் செம்மண் புயல் போல் எழுந்து சன்னலை மறைத்தது. உள்ளே, வேந்தனின் நெஞ்சருகே, என்றோ இறந்துபோன பல்லி ஒன்று துறவியைப் போல் உலர்ந்து தவமிருந்தது. மணியம் ஏழு முறை தும்மினான். ஏழு தும்மலுக்கும் நடுவே நெட்வொர்க் அட்டையைக் கழற்றித் துடைத்து மீண்டும் செருகி, பல்லியை ஒரு பழைய உறையில் இட்டு மரியாதையோடு அப்புறப்படுத்தி, தலையில் ஒட்டடையும் மூக்கில் கரியுமாக, மூன்றாம் முறை தூதனை ஏவினான்.

பச்சை. மணியம் மூச்சுவிடவில்லை.

டிங்.

சிவப்பு.

அப்போது அவன் நெஞ்சில் எழுந்த துயரத்தை எப்படி உரைப்போம்! ஆலையில் எத்தனை இயந்திரங்கள் அவன் விரல் பட்டு உயிர்த்தன! வெளிநாட்டு இன்ஜினியர்கள் கைவிட்ட ஒன்றைக்கூட அவன் ஒரு ரப்பர் வளையத்தால் ஓடவைத்தானே! அந்த விரல்கள் இன்று தீப்பெட்டி அளவுள்ள ஒன்றிடம் தோற்று, மடியில் சோர்ந்து கிடந்தன. வேந்தனின் மஞ்சள் முகத்தைப் பார்க்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் ஒலிபெருக்கி முழங்கியது: “சுராட் காபார் லாமா… பெசி புரோக்… கொம்பியூத்தர் ரோசாக்…” பழைய பத்திரிகை, துருப்பிடித்த இரும்பு, கெட்டுப்போன கணினி என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டே வரும் லாரி. மூன்றாவதாகச் சொன்னது தன்னையேதான் குறிக்கிறது என்று மணியத்துக்குத் தோன்றியது. லாரி பதினேழாம் எண் வாசலில் வந்து, எருமைக் கடாவைப் போல் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. வேலிமேல் ரூபேந்திரனின் தலை உதித்தது.

மாவு படிந்த கையோடும் கைபேசியோடும் புஷ்பவள்ளி கூடத்துக்கு வந்தாள்.

“ஆச்சாங்க?”

“ஏறுது வள்ளி. ஏறிட்டு எறங்கிடுது. ஏன்னே புரியல.”

“எனக்கும் காலையிலேருந்து நிம்மதி இல்லைங்க. மாவு பெசைய விடாம டிங்கு டிங்குன்னு. எவனோ ஒருத்தன் நம்ம வைஃபைல ஏறப் பாக்குறான். அனுமதிக்கவா, வெளியேத்தவான்னு போன் கேக்குது. மூணு தடவ தொரத்திட்டேன்.”

மணியம் மெல்லத் தலை நிமிர்ந்தான்.

“பேரு என்னான்னு போட்டிருக்கு?”

“வேண்டான்னு ஒருத்தன். வேண்டான்னு பேரு வெச்சிருக்கவன நான் எதுக்குங்க விடணும்? வேண்டான்னா வேண்டாம்.”

ஆங்கில எழுத்தே, கொடியோய்! ‘ந்த’வுக்கும் ‘ண்ட’வுக்கும் வேறுபாடு அறியாத பேதையே! ஒரு பேரரசனை வேண்டாதவனாக்கி, மும்முறை கோட்டையிலிருந்து உருட்டிவிட்டாயே!

“அது வேண்டான் இல்ல வள்ளி,” என்றான் மணியம், கண்ணை மூடிக்கொண்டு. “வேந்தன்.”

“யாருங்க வேந்தன்?”

அவன் கை நீட்டிக் காட்டினான். புஷ்பவள்ளி மஞ்சள் பெட்டியைப் பார்த்தாள். கைபேசியைப் பார்த்தாள். தலையில் ஒட்டடையும் விரலில் ரத்தமுமாக நிற்கும் கணவனைப் பார்த்தாள். வாசலில் லாரிக்காரன், “ஆடா பாராங், கக்காக்?” என்று சாமான் உண்டா எனக் கேட்டுக்கொண்டிருந்தான்.

வஞ்சினம் உரைத்தவர்களுக்கு அதிலிருந்து பின்வாங்குவது அவமானம். ஆனால் நீதி தவறுவது அதைவிடப் பெரிய அவமானம் என்பதை முறுக்கு பிழியும் மரபில் வந்தவள் அறிவாள். அவள் உதடு ஒருமுறை துடித்தது. அது சிரிப்பை அடக்கிய துடிப்பு என்பதை மணியம் பார்த்தும் பாராதவன் போல் இருந்தான்.

“இன்னொரு தடவ போடுங்க,” என்றாள்.

நான்காம் முறை தூதன் புறப்பட்டான். பச்சை. டிங். புஷ்பவள்ளி தன் சுட்டுவிரல் மாவாக இருந்தபடியால், மடக்கிய விரலின் முட்டியால், அனுமதி என்ற எழுத்தின்மேல் ஒரு தட்டுத் தட்டினாள். விளக்கு பச்சையாகவே நின்றது. பத்து எண்ணினார்கள். இருபது எண்ணினார்கள். கடிகாரங்கள் மூச்சடக்கின, ரௌட்டரின் நான்கு கொம்புகளும் வணங்கி வழிவிட்டன, தன் ஆயுளில் முதன்முறையாக, தனக்கே தெரியாமல், வேந்தன் வைஃபை ஏறினான்!

“ஏறிடுச்சு,” என்று புஷ்பவள்ளி தீர்ப்பளித்தாள். பிறகு வாசலை நோக்கி, “தாக் ஜாடி, தௌக்கே! இது வைஃபை உள்ளது!” என்று லாரி முதலாளியோடு வாணிபத்தை முறித்து, பழைய பத்திரிகைக் கட்டையும் சுற்றாத மேசை விசிறி ஒன்றையும் கொடுத்து லாரியை அனுப்பிவைத்தாள்.

“நெசமாவே ஏறிடுச்சா?” என்றது வேலிமேல் தலை.

“வந்து பாத்துட்டுப் போ,” என்றான் மணியம். அவன் குரல் அன்று சற்றே கனத்திருந்தது. ரூபேந்திரன் வந்தான், பார்த்தான், தன் புதுக் கைபேசியை எடுத்து வேந்தனைப் படம் பிடித்துக்கொண்டான். தோற்ற மன்னன் திறை செலுத்துவது போலவே இருந்தது அது.

மேசையின் எல்லைத் தகராறு மட்டும் மீதி இருந்தது. அதற்கு உடன்படிக்கை கண்டவளும் புஷ்பவள்ளியே. மானிட்டரின் முதுகைத் தற்செயலாகத் தொட்டவள், “ஏங்க, இது நல்லா சூடா இருக்கே,” என்றாள். உள்ளே போய், அப்போதுதான் பொரித்த முறுக்குத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து அந்த யானை முதுகின்மேல் ஏற்றினாள். “இந்த ஈரத்துல முறுக்கு நமுத்துப் போவுது. இங்கயே இருக்கட்டும். நீங்க தட்டுறப்ப ஆட்டாம தட்டுங்க.”

இவ்வாறு பகை முடிந்து, அம்பாரி சுமந்த பட்டத்து யானையாய் வேந்தன் பொலிந்து நிற்க, பழங்கணினி அன்பர்கள் தங்களுக்கென்றே நடத்தும் எளிய பக்கங்களுள் வானிலை கூறும் ஒன்றை மணியம் அழைக்க, விசிறி அருவியாய் இரைய, மேகப் படம் ஒன்று தலை முதல் அடி வரை கோடு கோடாய் இறங்க, எழுத்துகள் ஒவ்வொன்றாய்த் திருவோலக்கம் புகும் சிற்றரசர்கள் போல் வந்து அமர, மூவரும் முறுக்கு ஒன்றைக் கையில் ஏந்திக் கண்ணிமைக்காது காத்திருக்க, பதினோரு நிமிடம் கழிந்தபின், கடலும் கண்டமும் கடந்து வந்த அந்த மாபெருஞ் செய்தி முழுமையுற்றுத் திரையில் சுடர்விட்டது: மாசாய் வட்டாரத்தில் இன்று மழை பெய்யக்கூடும்.

வெளியே ஏற்கெனவே மழை கொட்டிக்கொண்டிருந்ததால், மணியம் துணி எடுக்கப் போனான்.