கல்லு சார்

இல்லை அத்தை, அப்படி அடிச்சு விடாதீங்க. "கட்டுன புருஷனைக் கழுதையாக்கி மலை மேல கல்லு சுமக்க வச்சுட்டா"ன்னு குடும்ப குரூப்புல எழுதி, கூடவே வரிசையா அழுகை பொம்மையும் போட்டுட்டா எல்லாம் உண்மையாயிடுமா? நீங்க போட்ட போட்டோவை நானும் பாத்தேன். அப்பா தோள் செவசெவன்னு கன்னிப்போயிருக்கு, ஒத்துக்கறேன். அந்தத் தோளுக்குத் தைலம் தேய்ச்சதே நான்தான். தேய்க்கத் தேய்க்கக் கதை வெளிய வந்துச்சு. தோளுக்குத் தேய்க்கறப்ப பாதி, முதுகுக்கு இறங்கினதும் மீதி. உங்க தம்பி உங்ககிட்ட சொன்னது தோள் கதை மட்டும்தான் அத்தை. முதுகுக் கதையை நான் சொல்றேன். எல்லாரும் படிங்க. மாமா, நீங்களும்தான்.

எல்லாத்துக்கும் காரணம் எங்க வீட்டு முன்ரூம்.

அதுல என்ன இருந்துச்சு? ஒரு சோஃபா. அதுல அப்பா படுத்துப் படுத்து அவர் உருவத்துக்கே ஒரு பள்ளம். பக்கத்துல ஒரு உடற்பயிற்சி சைக்கிள். அதுல அப்பா உக்காந்ததைவிட ஈரத் துண்டு உக்காந்த நேரம்தான் ஜாஸ்தி. அம்மாவோட தையல் மெஷின் எங்க இருந்துச்சு? சமையல்கட்டு ஓரத்துல, அடுப்புக்கும் பாத்திரம் கழுவற தொட்டிக்கும் நடுவுல. பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம், திரைச்சீலை, தலகாணி உறை, எல்லாம் தாளிக்கிற புகையிலயே வளந்துச்சு. ஒருநாள் அம்மா தைச்ச திரைச்சீலையை ஒரு கஸ்டமர் மோந்து பாத்துட்டு, "வெங்காயமா?"ன்னு கேட்டாங்க. அம்மா சிரிச்சுச் சமாளிச்சாங்க. அந்தம்மா போனதும் சிரிப்பும் போயிடுச்சு.

"ஏங்க, முன்ரூமை எனக்குக் குடுங்க. மெஷினை அங்க போட்டுக்கறேன்."

"அது என் ரூம்."

"அங்க நீங்க என்ன பண்றீங்க?"

"யோசிக்கறேன்."

"கொறட்டை விட்டா?"

"ஆழமா யோசிச்சா சத்தம் வரத்தான் செய்யும்."

இப்படி வருஷக்கணக்கா இழுத்துக்கிட்டு இருந்தப்பதான் அப்பாவோட கம்பெனில அவருக்கு ஒரு பரிசு குடுத்தாங்க. மலைநடை. ரெண்டு பேருக்கு. வழிகாட்டியோட மலைக்கிராமங்கள், அடுக்கு வயல், தங்கற இடம், எல்லாம் சேத்து. அப்பாவுக்கு ஒரே உற்சாகம். சோஃபாவுல இருந்து எழுந்திரிச்சே நின்னுட்டாரு.

"பந்தயம் வச்சுக்கலாமா? அவங்கவங்க பை அவங்கவங்க தோள்ல. நடையில யாரு முதல்ல பையை அடுத்தவங்ககிட்ட குடுக்கறாங்களோ, அவங்க அவுட். நான் அவுட்டானா முன்ரூம் உனக்கு. நீ அவுட்டானா முன்ரூம்ங்கற பேச்சையே இந்த ஜென்மத்துல எடுக்கக் கூடாது."

அம்மா ஊசியில நூல் கோத்துக்கிட்டே கேட்டாங்க. "அடுத்தவங்கன்னா?"

"யாரா இருந்தாலும். வழிகாட்டி, நீ, நான், ஆடு, மாடு."

"இன்னொரு தடவை சொல்லுங்க. பொண்ணு கேக்கட்டும்."

சொன்னாரு. நான் கேட்டேன். கேட்டுட்டு சும்மா இருந்தேனா? "பாவம்மா நீ, மானமா இப்பவே தோத்துடு"ன்னு சிரிச்சேன். சமையல்கட்டுலயே கிடந்த அம்மாவுக்கு மலையேற்றமான்னு நெனப்பு. இதை எழுதறப்பவே எனக்கு காது சுடுது. தினம் ராத்திரி நான் படிக்கறப்ப பின்னாடி டடக் டடக்னு ஒரு சத்தம் கேக்குமே, அது என்ன சத்தம்? அம்மா மெஷினைக் காலால மிதிக்கற சத்தம். அப்படி வருஷக்கணக்கா மிதிச்ச கால் அது. அப்பாவும் யோசிக்கல, நானும் யோசிக்கல.

அப்பாவும் நாள் பூரா மேலயும் கீழயும் போறவர்தான். லிஃப்ட் ரிப்பேர் கம்பெனில சூப்பர்வைசர். ஆனா போறதெல்லாம் நின்ன இடத்துலயே.

மலையடிவாரத்துல வழிகாட்டி வந்து நின்னாங்க. கழுத்துல விசில், கால்ல ரப்பர் செருப்பு, கல்லு மாதிரி கெண்டைக்கால். அம்மா உடனே "விசிலக்கா"ன்னு பேர் வச்சுட்டாங்க. பத்து நிமிஷத்துல ரெண்டு பேரும் சிநேகிதம். விசிலக்காவோட பை வார் எப்படிப் பிஞ்சது, எந்த நூல் போட்டா பிய்யாதுன்னு பேசிக்கிட்டே ஏறிட்டாங்க. அப்பா பின்னாடி. மூச்சு வாங்கும்போதெல்லாம் ரசிக்கற மாதிரி நின்னுக்குவாரு.

"ஆஹா! நில்லுங்க, நில்லுங்க! அங்க பாருங்க, என்ன அழகு!"

"சார், அது குப்பைமேடு."

உண்மையிலயே அழகான இடம் வந்தப்ப அப்பா குனிஞ்சு முட்டியைப் புடிச்சுக்கிட்டு இருந்தாரு. யாரோ மலையை மடிப்பு மடிப்பா வச்சுத் தைச்ச மாதிரி மேல இருந்து கீழ வரைக்கும் வயலு. ஒவ்வொரு மடிப்புலயும் தண்ணி, தண்ணியில வானம், வானத்துக்கு நடுவுல வரிசையா நாத்து. ஒவ்வொரு வயலையும் தாங்கி ஒரு கல்லுச் சுவர். சிமெண்ட் கிடையாது, சாந்து கிடையாது, கல்லு மேல கல்லு, அவ்ளோதான். அம்மா ஒரு சுவரைக் கையால தடவிப் பாத்துட்டு, "எவ்ளோ நேர்த்தியான ஓரம்!"னு சொன்னாங்களாம். அப்பாவுக்கு அதுக்குப் பதில் சொல்லக்கூட மூச்சு இல்லை.

சாயங்காலம் ஒரு கிராமத்துல தங்கினாங்க. அம்மா விசிலக்காவோட பை வாரைத் தைச்சுக் குடுத்துக்கிட்டு இருக்காங்க. அப்பா மெதுவா நழுவி மாட்டுக்கொட்டகைக்குப் பின்னாடி போனாரு. அங்கதான் ஃபோனுக்கு சிக்னல் கிடைக்கும். யாருக்கோ ஃபோன் போட்டாரு. யாருக்குன்னு அப்புறம் வரேன்.

மறுநாள் காலைல அம்மா பல் விளக்கப் போன நேரம். கணுக்காலைக் கூட வளைக்க முடியலன்னு முனகுன மனுஷன் ஓடைக்கு ஓடுனாரு. தட்டைத் தட்டையா கல்லு பொறுக்கினாரு. சத்தம் வரக் கூடாதுன்னு ஒவ்வொரு கல்லையும் அம்மாவோட ஒவ்வொரு துணியில சுத்தி, மடிச்சு, அம்மா பைக்கு அடியில அடுக்கி, மேல சீப்பு சோப்பையெல்லாம் வச்சு மூடிட்டாரு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஒரு கைக்குட்டையைக்கூட மடிச்சதில்லை எங்கப்பா.

அம்மா வந்தாங்க. பையைத் தூக்குனாங்க. தோள் ஒரு பக்கம் லேசா இறங்குச்சு. சோப்பை வைக்கற சாக்குல பைக்குள்ள கையை விட்டுத் துழாவினாங்க. அப்பாவைப் பாத்தாங்க. அப்பா மேகத்தைப் பாத்தாரு. அம்மா வாரை இழுத்துக் கட்டிக்கிட்டு நடக்க ஆரம்பிச்சுட்டாங்க.

கொஞ்ச தூரம் போனதும் அப்பாவால இருப்பு கொள்ளல. "என்ன, பை கனமா இருக்கா?"

"இல்லையே. ஏன், இருக்கணுமா?"

"இல்ல, முகமெல்லாம் வேர்த்திருக்கே..."

"வெயிலுங்க."

"முடியலன்னா சொல்லு. விசிலக்கா வாங்கிக்குவாங்க. ஒண்ணும் வெக்கப்படாத."

"வெக்கப்படறது நானா?"

அந்தக் கேள்வியில ஏதோ இருக்குன்னு அப்பாவுக்கு அப்பவே உறைச்சிருக்கணும். உறைக்கல.

ஒரு திருப்பத்துல சுவர் இடிஞ்சு கிடந்துச்சு. மழையில சரிஞ்சதாம். வயல் தண்ணியெல்லாம் கீழ ஒழுகிட்டு, நாத்து சேத்துல சாய்ஞ்சு கிடக்கு. கொஞ்ச பேர் நின்னு சுவரைத் திரும்பக் கட்டிக்கிட்டு இருந்தாங்க. விசிலக்கா வழியில எடுத்த கல்லு ஒண்ணை அவங்ககிட்ட குடுத்தாங்க.

"எதுக்குக்கா இது?"ன்னு அம்மா.

"இடிஞ்சா கல்லெல்லாம் கீழ உருண்டுடும்ல? தானா மேல ஏறி வருமா? அதான், மேல வர்றவங்க ஆளுக்கு ஒண்ணு தூக்கிட்டு வருவோம். விருந்தாளிங்ககிட்ட கேக்க மாட்டோம். அவங்க பாவம், அவங்களைத் தூக்கிட்டு வரதே பெரிய பாடு." சொல்லிட்டு விசிலக்கா அப்பாவை ஒரு பார்வை பாத்தாங்க.

அம்மா வரப்புல பையை இறக்குனாங்க. "அப்ப எங்க கல்லையும் எடுத்துக்குங்க."

அப்பா திரும்பவும் மேகத்தைப் பாத்தாரு.

அம்மா ஒவ்வொரு துணியா எடுத்துப் பொறுமையா விரிச்சாங்க. நைட்டிக்குள்ள ஒரு கல்லு. துண்டுக்குள்ள ஒரு கல்லு. புதுச் சுடிதாருக்குள்ள நல்ல கனமா ஒண்ணு. வேலை செஞ்சவங்க எல்லாரும் கிட்ட வந்துட்டாங்க.

"எங்க வீட்டுக்காரர்தாங்க. விடியறதுக்குள்ள எழுந்து, ஓடையில தேடித் தேடி எடுத்து வச்சிருக்காரு. எங்கிட்டகூட சொல்லல. பேர் வாங்கறது அவருக்குப் பிடிக்காது."

சுவர் கட்டறவர் ஒரு கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "எல்லாம் தட்டைக் கல்லு! பாத்துப் பாத்து எடுத்திருக்காரே!" சேத்துக் கையோட அப்பா கையைப் புடிச்சுக்கிட்டாரு. "இந்த வழியில எவ்ளோ பேர் போயிருக்காங்க சார். நிப்பாங்க, போட்டோ எடுப்பாங்க, போயிடுவாங்க. கல்லு கொண்டு வந்தது நீங்க ஒருத்தர்தான்." அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

"அந்தாளு என்னை நாலு அறை அறைஞ்சிருந்தா தாங்கியிருப்பேம்மா"ன்னு அப்பா எங்கிட்ட சொன்னாரு. இது முதுகுக்குத் தேய்ச்சப்ப. "என் கையைப் புடிச்சுக் கும்பலா நின்னு நன்றி சொல்றாங்க. உங்கம்மா பக்கத்துல நின்னு சிரிக்கறா. எனக்கு அந்த நாத்தோட நாத்தா சேத்துல படுத்துடலாம் போல இருந்துச்சு."

நிஜத்தைச் சொல்லிட்டு வந்திருக்கலாம்ல? எப்படிச் சொல்றது? "நான் நல்லவன் இல்லீங்க, பொண்டாட்டி முதுகை ஒடிக்கத்தான் வச்சேன்"னா? வாயை மூடிக்கிட்டு நின்னாரு. அதையும் அடக்கம்னு பாராட்டிட்டாங்க.

விசிலக்கா மேல பாத்து நீளமா ஒரு விசில் அடிச்சாங்க. மேல இருந்து யாரோ கூப்பிட்டுக் கேக்க, இவங்க, கல்லு கொண்டு வர்ற சார் ஒருத்தர் வராருன்னு கத்திச் சொன்னாங்க. அடுத்த கிராமத்து வாசல்ல ரெண்டு பொம்பளைங்க ஒரு கல்லோட காத்திருக்காங்க.

"இதுல கல்லு சார் யாரு?"

"இவர்தான்"னு அம்மா கையைக் காட்டுனாங்க.

மாட்டேன்னு சொல்ல முடியுமா? சொன்னா, காலைல வந்த கல்லு எப்படி வந்துச்சுன்னு கேள்வி வரும். தூக்குனாரு. முதுகுல பை, நெஞ்சுல கல்லு. அதை இறக்கி வச்சா, அதுக்கு மேல இருக்கற நாலு வீட்டுக்காரங்க இன்னும் பெருசா ஒண்ணு வச்சிருக்காங்க. கல்லு சார் வராருன்னு தேநீர் வேற போட்டுக் குடுத்தாங்க.

கடைசி ஏத்தம். மேல் கிராமத்துச் சுவருக்கு ஒரு மூலைக்கல்லு வேணுமாம். ரொம்ப நாளா அடியிலயே கிடக்குதாம். கயித்துல கட்டி முதுகுல ஏத்தணும்.

"சார், பையைக் கழட்டுங்க. பையோட இது ஏறாது"ன்னாங்க விசிலக்கா.

அப்பா பையோட வாரை இறுக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. முன்ரூம், சோஃபா, அந்தப் பள்ளம், எல்லாம் கண்ணு முன்னாடி வந்துச்சு. ஊரே பாத்துக்கிட்டு இருக்கு. அப்பதான் அம்மா கிட்ட வந்து, ரொம்ப மெதுவா, ரொம்பப் பிரியமா சொன்னாங்க.

"குடுங்க. நான் புடிச்சுக்கறேன்."

அந்தக் குரலைக் கேட்டதும் அப்பாவுக்கு அழுகையே வந்துடுச்சாம். என்ன இருந்தாலும் பொண்டாட்டி பொண்டாட்டிதான்னு உருகி, பையைக் கழட்டிக் குடுத்துட்டாரு. அம்மா அதை முன்னாடி மாட்டிக்கிட்டாங்க. முதுகுல அவங்க பை, நெஞ்சுல அப்பா பை. டடக் டடக்னு ஏறிப் போயிட்டாங்க.

பாதி ஏத்தத்துல, கல்லுக்கு அடியில, அப்பாவுக்கு அவர் குரலே ஞாபகம் வந்துச்சு. யாரா இருந்தாலும். வழிகாட்டி, நீ, நான், ஆடு, மாடு.

மேல ஊரே கூடியிருந்துச்சு. மூலைக்கல்லு பொருந்தி உக்காந்ததும் கை தட்டுனாங்க. "சார் ரெண்டு வார்த்தை பேசணும். இப்படி ஒரு நல்ல எண்ணம் உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

"சொல்லுங்களேன், எல்லாரும் ஆசையா கேக்கறாங்க"ன்னாங்க அம்மா.

கம்பெனில மைக் கிடைச்சா விடாத அப்பா, தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு அன்னைக்கு ஒரே ஒரு உண்மையைச் சொன்னாரு. "இந்த யோசனை என்னோடது இல்லீங்க."

அதுக்கும் கை தட்டுனாங்க. அவ்ளோ அடக்கமாம்.

இறங்கறப்ப அப்பா மெதுவா கேட்டாராம். "உனக்கு எப்பத் தெரியும்?"

"கையை விட்டப்பவே. துணியெல்லாம் மடிச்சிருந்துச்சு."

"மடிச்சிருந்தா?"

"ஓரத்தோட ஓரம் சேரல. நம்ம வீட்டுல மடிக்கத் தெரியாத ஆள் ஒருத்தர்தானே."

"அப்பவே கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா மன்னிப்பு கேட்டு முடிச்சிருப்பீங்க. ரூம் வந்திருக்காது."

இப்ப முன்ரூம்ல மெஷின் ஓடுது. சன்னல் பக்கம், நல்ல வெளிச்சத்துல. சோஃபா மாடிப்படிக்கு அடியில. தைச்ச திரைச்சீலையை மடிச்சு வைக்கறது அப்பா வேலை. ஓரத்தோட ஓரம் சேரலன்னா திரும்ப வரும். முணுமுணுக்காம மடிக்கறாரு. நானும் பக்கத்துல உக்காந்து பொத்தான் தைக்கறேன். நான் சிரிச்ச சிரிப்புக்கு அது பத்தாது, தெரியும்.

சரி அத்தை, இப்ப உங்க பக்கம் வரேன். அன்னைக்குச் சாயங்காலம் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னாடி நின்னு அப்பா யாருக்கு ஃபோன் போட்டாரு? "அக்கா, இவ ஆடு மாதிரி ஏறுறா, நான் தோத்துடுவேன் போல"ன்னு யார்கிட்ட அழுதாரு? "ஏன்டா தம்பி, அந்த ஊர் ஓடையில கல்லே இல்லையா? அவ பையில நாலு போடு, தானா வழிக்கு வருவா"ன்னு சொன்ன அந்த அக்கா யாரு? எனக்குத் தனியா ஃபோன் பண்ணாதீங்க, எடுக்க மாட்டேன். எங்கம்மாவைக் குரூப்புலதானே கேட்டீங்க? இங்கயே, மாமா, சித்தப்பா, சித்தி எல்லாரும் பாக்கப் பதில் சொல்லுங்க.

அப்பா, நீங்க ஏதோ டைப் பண்றது தெரியுது. ஃபோனைக் கீழ வச்சுட்டுத் திரைச்சீலையை மடிங்க. அத்தை சொல்லட்டும்.