ஓடும்போது வராத இளைப்பு

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

உங்கள் மைத்துனி எழுதுவது. நான் நலம் என்று தொடங்க வேண்டும். அந்தப் பொய்க்கு இப்போது மூச்சில்லை. அக்காவும் குழந்தையும் சுகமாக இருக்கட்டும்.

நீங்கள் சொல்லி வாங்கித் தந்த குளிர்கிடங்கு வேலையில் மீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலமாரிக்கும் லாரிக்கும் ஓட வேண்டும், ஓடும்வரை எனக்கு ஒன்றும் ஆவதில்லை, பத்து நிமிட ஓய்வுக்கு உட்கார்ந்ததும் நெஞ்சு இறுகி விசிலடிக்கிறது, ஓய்வு முடியும்போது எழ முடிவதில்லை. நாங்கள் 'கடிகாரம்' என்று கூப்பிடும் மேற்பார்வையாளர், "ஓடும்போது வராத இளைப்பு உட்கார்ந்தா வருதா? அப்ப உட்காராத" என்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நின்றபடி இளைத்தேன், திமிர் என்று எழுதிக்கொண்டார். டாக்டரம்மா சொன்னார், ஓட்டத்தில் வாயால் வாரி இழுக்கிற குளிர்ந்த வறண்ட காற்று மூச்சுக்குழாயின் ஈரத்தை உறிஞ்சிவிடுமாம், காய்ந்த குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகிக்கொள்ளுமாம், ஓட்டம் நின்ற பிறகுதான் அது உச்சத்துக்குப் போகுமாம். கடிகாரத்திடம் அப்படியே ஒப்பித்தேன். "நீ உட்கார்ந்தது உன் குழாய்க்கு எப்படிம்மா தெரியும்?" என்றார். இங்கே மீனுக்கு எத்தனை டிகிரி என்று மணிக்கொரு தடவை பார்க்கிறார்கள். மீன் தூக்குகிறவர்களை யாரும் பார்ப்பதில்லை. ஓடாத ஒரே ஆள்தான் ஓடுகிற நாற்பது பேரின் மூச்சுக்குத் தீர்ப்பு சொல்கிறார்.

வெள்ளிக்கிழமை எனக்குச் சோதனை. ஓடி முடித்தபின் முதலுதவி அறை அக்கா முதுகில் குழல் வைத்துக் கேட்பார். விசில் கேட்டால், குளிரில் ஓடக் கூடாது என்று டாக்டரம்மா எழுதிய சீட்டை ஏற்று, வெளியே ரசீது ஒட்டும் வேலைக்கு மாற்றுவார்களாம். கேட்காவிட்டால் பொய் சொன்னதற்காக வீட்டுக்கு. நீங்கள் அவசியம் வந்து, உங்கள் காதாலும் கேட்டுச் சாட்சி சொல்ல வேண்டும். சிபாரிசு செய்தவர் நீங்கள்; உங்களை மட்டுமாவது நம்புவார்கள்.

அக்காவுக்கு அன்பு, குழந்தைக்கு முத்தம், உங்களுக்கு வணக்கம்.

இப்படிக்கு,
மூச்சிருக்கும்வரை உங்கள் மைத்துனி

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் சோதனையை இன்றைக்கே வைத்துவிட்டார்கள். டாக்டரம்மா குழாய் இறுகாமல் தடுக்கும் மருந்து பம்ப் ஒன்று புதிதாகக் கொடுத்து, ஓடுவதற்குக் கால் மணி நேரம் முன்பே உறிஞ்சச் சொல்லியிருந்தார். நானும் சொன்ன பேச்சைக் கேட்கிறவள் மாதிரி உறிஞ்சிவிட்டு ஓடினேன். பிறகு உட்காரவைத்து முதலுதவி அறை அக்கா பத்து நிமிடம் கேட்டார், பாழாய்ப்போன நெஞ்சு ஒரு சத்தமும் போடவில்லை. "இத்தனை நாளும் நடிப்பு" என்று கடிகாரம் கையெழுத்துப் போட்டுவிட்டார். நீங்கள் வர வேண்டாம். நாளைக்குத் துணிப்பையோடு நானே வருகிறேன்.