வாகனச் சித்தரின் காது

மேல்மலையனூர் சாலையில், செஞ்சியைத் தாண்டி நாலாவது கிலோமீட்டரில், ஒரு காலத்தில் வண்டி கழுவும் ஷெட் இருந்தது. கிணறு வற்றியதும் ஷெட்டை மூடிவிட்டார்கள். இப்போது அதே ஷெட்டில் தண்ணீர் இல்லாமலேயே வண்டிகளின் பாவம் கழுவப்படுகிறது.

கழுவுகிறவர் வாகனச் சித்தர். மனிதர்களுக்கு ஜோசியம் சொல்ல ஊரில் ஆள் அதிகம், போட்டி பலம். கார்களுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. அந்தக் காலி இடத்தைச் சித்தர் பார்த்துவிட்டார். அவருக்கு ஞானதிருஷ்டி என்று ஒன்று இருந்தது உண்மையானால், அது அந்த ஒரு தடவைதான் வேலை செய்தது.

அமாவாசையன்று அங்காளம்மனைப் பார்க்கப் போகிற கூட்டத்தில் பாதி, வழியில் இங்கேயும் நின்றுவிட்டுப் போகிறது. மினி லாரி, டிராக்டர், ஷேர் ஆட்டோ, கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிற கார், எல்லாம் வரிசையில். சித்தர் காவி வேட்டியோடு வருவார். பானட்டில் வலது காதை வைப்பார். கண்ணை மூடுவார். வண்டி பேசும், அவருக்கு மட்டும் கேட்கும். பிறகு சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம். ஸ்டெப்னிக்குத் தனிப் பழம், அதன் மனம் வருந்தக்கூடாதாம். கடைசியாக ஸ்டீயரிங்கில் ஒரு கறுப்புக் கயிறு. பிறந்ததிலிருந்து சீட் பெல்ட் போட்டறியாதவர்கள்கூட அந்தக் கயிற்றை இழுத்து இழுத்து, முடிச்சு கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. முதல் நாளே வண்டி நம்பரையும் ஓட்டுகிறவர் பெயரையும் போனில் அனுப்பிவிட வேண்டும். ராத்திரி முழுக்கச் சித்தர் அந்த நம்பரைத் தியானம் செய்வாராம். ஷெட் வாசல் பலகையில் ‘ஆன்லைன் புக்கிங் உண்டு’ என்று எழுதியிருந்தது. அருளுக்கே டோக்கன் கொடுத்த பிறகு யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

நெடுமாறன் சந்தேகப்படவில்லை. அவனுக்கு அந்தப் பெயரை வைத்த நைனா, ராகுகாலத்தில்தான் தாலி கட்டுவேன் என்று அடம்பிடித்துக் கட்டியவர். பிள்ளை உரக்கடை மேனேஜர். தங்கமான பையன், கொஞ்சம் பயந்த சுபாவம். நாற்பது வயதைத் தாண்டிய ஒரு வெள்ளைக் கார்தான் அவனுக்கு உயிர். அதற்கு வெள்ளைச்சி என்று பெயரே வைத்திருந்தான்.

வெள்ளைச்சி அவன் ஒருவனால் உருவானவள் இல்லை. துருப்பிடித்த கூடாக வந்தவளை ‘செஞ்சி சக்கரம்’ குழுதான் தேற்றி எடுத்தது. வாட்ஸ்அப்பில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். எல்லாருக்கும் கார்ப் பைத்தியம், அதில் பாதிப் பேரிடம் கார் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ராஜகிரி மலையடியில் கூடுவார்கள். கோட்டையைப் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் மலையைப் பார்ப்பார்கள், இவர்கள் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பானட்டுக்குள் தலையை விட்டிருப்பார்கள். ஒருமுறை தொண்டூர் பக்கம் ஒருவர் வண்டிக்கு ஃபேன் பெல்ட் அறுந்துவிட்டது. குழுவில் சொன்ன அரை மணியில் மூன்று பேர் நாலு பெல்ட்டோடு போய் நின்றார்கள். அப்படிப்பட்ட ஜனங்கள்.

அவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. ஸ்க்ரூ மாற்றினாலும் படம் எடுத்துக் குழுவில் போட்டுவிட வேண்டும். போடாவிட்டால் ஸ்க்ரூ மாட்டிய திருப்தியே இருக்காது. எந்தப் படத்துக்கும் முதல் ஆளாக ‘சூப்பர் தல’ என்று பதில் போடுகிறவர் காமராஜ். வேலூர்க்காரராம். எட்டு மாதமாக அவர் வண்டி சர்வீசில் இருக்கிறது, அதனால் இன்னும் யாரும் அவரை நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் பண்டிகை, பிறந்தநாள் எதையும் மறக்காத நல்ல மனுஷன் என்று பெயர்.

வெள்ளைச்சிக்கு ஒரு கயிறு கட்டலாம் என்றுதான் நெடுமாறன் சித்தரிடம் போனான். சித்தர் பானட்டில் காதை வைத்ததும் முகம் மாறினார்.

“போன கார்த்திகையில முன்கண்ணாடி உடைஞ்சுது. இடது பக்க லைட்டு பாண்டிச்சேரில இருந்து வந்துது. சீட்டு மாத்தி நாலு மாசம் ஆவுது,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “உன் வீட்டுல ஒரு உசுரு வளந்துகினு இருக்குது.”

நெடுமாறனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று. “சாமி, இதெல்லாம் நான் யார்கிட்டயும் சொன்னதே இல்ல.”

பொய் சொல்லவில்லை அவன். குழுவில் மட்டும்தான் போட்டிருந்தான். குழுவில் போடுவது அவனுக்கு வெளியாளிடம் சொல்வதாகவே படாது, வீட்டுக்குள் பேசிக்கொள்வதுதான். அந்த வீட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் குடியிருந்தார்கள் என்பது அவனுக்கு உறைக்கவில்லை.

“இந்த வண்டி அந்த உசுர சுமக்காது,” என்றார் சித்தர். “வர்ற அமாவாசைக்குள்ள உன் வாசல வுட்டுப் போவணும். இல்லனா தொட்டில் வாங்காத.”

“வித்துடட்டுமா சாமி?”

“வாங்கறவனைப் புடிச்சுக்கும். இங்கியே வுட்டுடு. சாந்தி பண்ணி நான் கரைச்சுடறேன்.”

காரை எதில் கரைப்பது என்று நெடுமாறன் கேட்கவில்லை. அவனுக்கு முன்பே ஆறு பேர் கேட்காமல் வண்டியை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

வீட்டில் ரஞ்சிதத்துக்கு ஏழாம் மாதம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப பிரசவத்துக்கு நான் பஸ்ஸுல போறதா?” என்றாள்.

“புள்ளைக்கு ஆவாதுன்னு சொல்றாரு ரஞ்சிதம்.”

“உங்க நைனா இருந்திருந்தா உங்கள ஷெட்டுல வுட்டுட்டு, வண்டிய ஓட்டிகினு வந்திருப்பாரு.”

சொல்லிவிட்டு அவளும் அழுதாள், அவனும் அழுதான். பயம் என்று வந்துவிட்டால் அவனால் அதோடு வாதாட முடியாது. வண்டி போனால் இன்னொரு வண்டி வரும், பிள்ளைக்கு ஏதாவது ஆனால்? அந்த ஒரு கேள்வியைத்தான் சித்தர் முதலீடாகப் போட்டிருந்தார். அன்று மாலையே குழுவில் எழுதினான்: ‘வெள்ளைச்சிக்கு தோஷம். அமாவாசையோடு விடைபெறுகிறாள். நன்றி நண்பர்களே.’ குழு துடித்துப் போனது. காமராஜ் மட்டும் நிதானமாக, ‘விதியை மாற்ற முடியாது தல. பெரியவங்க சொன்னா கேட்டுக்கணும்’ என்று ஆறுதல் சொன்னார்.

மறுநாள் காலை உரக்கடை வாசலில் டிரைவிங் ஸ்கூல் கார் வந்து நின்றது. சுமலதா இறங்கினார். செஞ்சி வட்டாரத்தில் பாதிப் பேருக்கு ஸ்டீயரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர், குழுவின் அட்மின்.

“சித்தர் சொன்னத ஒண்ணு வுடாம சொல்லு மாறா.”

சொன்னான். அவர் போனை எடுத்துக் குழுவில் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனார். “கண்ணாடி உடைஞ்சுது, இதோ உன் படம். லைட்டு, இதோ. சீட்டு, தெச்சுக் குடுத்த உஸ்மான் பாய் பக்கத்துல நின்னு சிரிக்கிறாரு பாரு. ‘வெள்ளைச்சியில் ஏறப் புது ஆள் வருகிறார்’னு நீயே எழுதி, நாங்க எல்லாரும் வாழ்த்து சொல்லியிருக்கோம். நீ போடாத விஷயம் எதுனா அவரு சொன்னாரா?”

நெடுமாறன் யோசித்தான். வெகுநேரம் யோசித்தான். ஒன்றுகூடத் தேறவில்லை. அப்படியும், “நம்ம குரூப்புல இருந்து போய் சொல்றவன் யாருக்கா இருக்கப் போறான்? எல்லாரும் நம்ம ஆளுங்க. சாமிக்கு நெஜமாவே ஞானம் இருந்தா?” என்றான்.

“இருக்கட்டுமே. லைசென்ஸுக்கு வர்றவங்க எல்லாரும் எட்டு போட்டுக் காட்டறாங்க இல்ல? சித்தரும் ஒரு தபா போட்டுக் காட்டட்டும். பாஸாயிட்டாருன்னா நானே வண்டிய அங்க வுட்டுட்டு வர்றேன்.”

ஞாயிற்றுக்கிழமை மதியம், திண்டிவனம் சாலையில் உள்ள உஸ்மானின் சீட் கவர் கடைக்குப் பின்னால் நாலு பேர் கூடினார்கள். நெடுமாறன், சுமலதா, உஸ்மான், ஜீப்பு வைத்திருக்கும் ஆனந்தராஜ். முதல் வேலையாக எல்லார் போனையும் வாங்கி ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு மூடினார் சுமலதா. சங்கிலிக் கப்பி கட்டி வெள்ளைச்சியின் எஞ்சினை வெளியே தூக்கினார்கள். குழுவின் வரலாற்றில் படம் எடுக்காமல் நடந்த முதல் வேலை அதுதான். எஞ்சின் அந்தரத்தில் தொங்கியபோது ஆனந்தராஜுக்குக் கை பரபரத்தது. “ஒரே ஒரு போட்டோக்கா, யாருக்கும் அனுப்ப மாட்டேன்,” என்று கெஞ்சிப் பார்த்தார். சுமலதா வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

எஞ்சின் போன வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதனால் எஞ்சின் இருந்த இடத்தில் பலகை போட்டு, உரக்கடையிலிருந்து மூன்று மூட்டை யூரியாவைக் கொண்டுவந்து அடுக்கினார்கள். பானட்டை மூடினார்கள். அப்புறம் நெடுமாறன் தன் போனை வாங்கிக் குழுவில் எழுதினான்: ‘கடைசி நேரத்தில் எஞ்சின் படுத்துவிட்டது. அமரர் ஊர்தியில் இருந்து கழற்றிய ஒரு பழைய எஞ்சினை மாட்டியிருக்கிறேன். நமக்குள் இருக்கட்டும்.’

முதல் பதில் காமராஜுடையது. ‘சூப்பர் தல.’ நெடுமாறன் அவசரமாகச் சித்தருக்கும் வண்டி நம்பரை அனுப்பிவிட்டான், புக்கிங் தவறக்கூடாதே.

அமாவாசையன்று ஷெட்டில் தலைக்கு மேல் தலை. ஆனந்தராஜின் ஜீப்பு வெள்ளைச்சியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. வரமாட்டேன் என்றிருந்த ரஞ்சிதம், வண்டி போய்விட்டால் இதுவே கடைசிப் பயணம் என்று பின்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

“இன்னாத்துக்கு இழுத்துகினு வர்றீங்க?” என்று சித்தர் கேட்டார்.

“ஸ்டார்ட் பண்ணவே பயமா இருக்குது சாமி,” என்றான் நெடுமாறன். அதில் பாதி நடிப்பு. பாதி நிஜம். சித்தர் சரியாகச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் இன்னும் அவனை விடவில்லை. எஞ்சினே இல்லையப்பா என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வண்டி போய்விடும்.

சித்தர் காதை வைத்தார். அவர் உடம்பு மெல்ல நடுங்கியது.

“ஐயோ, இது அந்த எஞ்சின் இல்ல. இது வேற. பொணம் சுமந்த எஞ்சின். எத்தினி பேரு உள்ள அழறாங்க. ஒரு கெழவி, ஒரு வாலிபப் பையன். தாகமா இருக்குதுன்னு கேக்கறான்.”

கூட்டத்தில் நாலைந்து பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து பானட்டில் ஊற்றவே போய்விட்டார்.

“எஞ்சின் சத்தம் நல்லா கேக்குதுங்களா சாமி?” என்று சுமலதா பணிவாகக் கேட்டார்.

“என் காதுல கிழிக்குது தாயீ.”

“நாங்களும் ஒரு தபா கேட்டுக்கறோம்,” என்று சொல்லி அவர் பானட்டைத் தூக்கினார்.

மூன்று யூரியா மூட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைதியாக இருந்தன. அழவுமில்லை, தண்ணீர் கேட்கவுமில்லை. முன்வரிசை எட்டிப் பார்த்தது, பின்வரிசை முன்வரிசையின் தோளில் ஏறிப் பார்த்தது. ஒரு விவசாயி, “ஓ, ஸ்டாக் இல்லன்னு சொன்னது இதுதானா?” என்று நெடுமாறனை முறைத்தார்.

சித்தர் சளைக்கவில்லை. “சூட்சும எஞ்சின் உள்ள இருக்குது. ஊனக் கண்ணுக்குத் தெரியாது.”

“அமரர் ஊர்தி எஞ்சின்னு நாங்க சொன்னது ஒரே எடத்துலதான் சாமி. எங்க குரூப்புல. அத உங்களுக்கு யாரு சொன்னதுன்னு கேட்டுடலாம்,” என்று சுமலதா போனை எடுத்து, எட்டு மாதமாக வண்டியை சர்வீசில் விட்டிருக்கும் காமராஜின் எண்ணை அழுத்தினார்.

சித்தர் உட்காரும் புலித்தோல் மெத்தைக்கு அடியில் ஒரு பக்திப் பாட்டு ஒலித்தது. உஸ்மான் மெத்தையைத் தூக்கினார். போன் திரையில் ‘லதா அட்மின், செஞ்சி’ என்று மின்னியது.

உஸ்மானுக்குத்தான் மனசு ரொம்ப விட்டுப்போயிற்று. “ஏன்யா, எம்பொண்ணு முன்னி பரீட்சையில பாஸானதுக்கு மொத வாழ்த்து நீதானே சொன்ன? நேர்ல பாத்தா பிரியாணி போடணும்னு இருந்தேன்யா,” என்றார்.

சித்தர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கமாக நழுவப் பார்த்தார். அந்தப் பக்கம் துரத்திக்கொண்டு போனவர்கள் கண்டுபிடித்தது வேறு. தென்னந்தோப்பில் ஆறு கார்கள் கரையாமல் நின்றன. பளபளவென்று மெருகேற்றி, சீட்டுக்குப் புதுக் கவர் போட்டு, கண்ணாடியில் வெளியூர்த் தரகர் ஒருவரின் போன் நம்பர் ஒட்டியிருந்தது. தோஷமெல்லாம் பாலிஷில் போய்விட்டது போலும். பிடிபட்ட சித்தர் மேல் கூட்டம் கையை ஓங்கிக்கொண்டு வர, சுமலதா குறுக்கே நின்றார்.

“யாரும் மேல கை வெக்காதீங்க. ஸ்டேஷனுக்கு சொல்லியாச்சு, வந்துகினு இருக்காங்க. நம்பறதுக்கும் அவசரம், அடிக்கிறதுக்கும் அவசரமா?”

நெடுமாறன் வெள்ளைச்சியின் பக்கம் வந்தான். ரஞ்சிதம் பின்சீட்டை விட்டு இறங்கவேயில்லை. அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “மன்னிச்சுக்க,” என்றான். வாய்விட்டுச் சிரிக்கத் தோன்றியது, கூடவே வெட்கமாகவும் இருந்தது. மூன்று மூட்டை யூரியாவுக்கு இருந்த தைரியம் தனக்கு இல்லாமல் போயிற்றே என்று நினைத்தான்.

“மொதல்ல எஞ்சின மாட்டுங்க,” என்றாள் ரஞ்சிதம். “நாளைக்கே போய் தொட்டில் வாங்கணும்.”

ஜீப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர் ஜன்னலருகே வந்தார். கையில் அஞ்சு எலுமிச்சம்பழம். ரகசியம் கேட்கிற மாதிரி குனிந்தார்.

“தம்பி, இவரு போலி. அது புரிஞ்சுபோச்சு. வேற நல்ல சித்தர் எங்கனா இருக்காரா?”

நெடுமாறன் அவரையே பார்த்தான். ஒரு வாரத்துக்கு முன்னால் என்றால் அவனும் இதையேதான் கேட்டிருப்பான்.

“தேடிப் பாருங்க பெரியவரே. ஆனா எவன் வந்தாலும், அவன் காதை வெக்கறதுக்கு முன்னாடி நீங்க பானட்ட தொறந்து பாத்துடுங்க. அதுக்கு ஞானக் கண்ணு வேணாம். மூஞ்சில இருக்கிற ரெண்டு போதும்.”