பொருவிளங்காய்ப் பாறையில் ஒரு சுரங்கம்

தன் வேலையைப் பற்றி யாராவது ஆர்வமாக ஒரு கேள்வி கேட்டுவிட்டால் வாயை மூடத் தெரியாத ரகம் நான். இந்த வியாதிக்கு மருந்து கிடையாது. எனக்கு மட்டும் ஒருமுறை கிடைத்தது, அதுவும் பெண் பார்க்கப் போன இடத்தில்.

மெட்ரோ ரயிலுக்காகப் பூமிக்கடியில் பாறையைக் குடையும் ராட்சத மிஷின் இருக்கிறதல்லவா, அதன் முகம் முழுக்க இரும்புச் சக்கரங்கள் பதித்திருக்கும். கட்டர் என்போம், மிஷினுக்கு அவைதான் பல். அவை பாறையை அழுத்திக்கொண்டே உருண்டு, சில்லு சில்லாகப் பெயர்க்கும். பெயர்க்கப் பெயர்க்கத் தாங்களும் தேயும். எது எவ்வளவு தேய்ந்தது, எதை மாற்ற வேண்டும், தேய்மானத்தால் மிஷினின் வேகம் எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பதுதான் என் வேலை. (அம்மா ஊரில் என்னைப் பல் டாக்டர் என்று சொல்லிவைத்திருந்தாள். பாதி உண்மைதானே என்பது அவள் கட்சி.)

இந்த வேலையாலேயே எனக்குப் பெண் அமையவில்லை. "மண்ணுக்குள்ள போற பையனுக்கு எப்படிப் பொண்ணு குடுக்க?" என்று வாசுதேவநல்லூரில் ஒரு வீட்டில் கைகழுவினார்கள். சொந்த ஊரான சிவகிரியிலும் அதே கதைதான். கடைசியாக வந்தது சங்கரன்கோவில் கோமதியின் ஜாதகம். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். போட்டோவைப் பார்த்த அன்றே, இவள் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். வெளியே மட்டும், "பார்க்கலாம்" என்று பிகு பண்ணிக்கொண்டேன்.

அம்மா, சித்தப்பா, நான் மூவரும் போனோம். கோமதியின் அப்பா பூ மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவர். வீடே மல்லிகை மணத்தது. தட்டில் கேசரி, மிக்சர், அவற்றோடு பொருவிளங்காய் உருண்டை. வெல்லப்பாகு சற்று முற்றிவிட்டால் அந்த உருண்டை கருங்கல்லாகிவிடும். விவரமானவர்கள் கடிக்க மாட்டார்கள். அம்மிக் குழவியால் தட்டி, ஒரு துண்டைக் கன்னத்தில் ஒதுக்கி ஊறவைப்பார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

"மிஷின் பாட்டுக்குத் தானா தோண்டும்ங்காவ. தம்பிக்கு அங்கன என்ன சோலி?" என்று கேட்டார் கோமதியின் அப்பா.

போதாதா? ஆரம்பித்துவிட்டேன்.

"புதுப் பாறை வந்தா மொதல்ல அழுத்தத்தைக் கொறைக்கணும் மாமா." (மாமாவாம்! பெண்ணையே இன்னும் கண்ணில் காட்டவில்லை.) "இன்னொண்ணு, ஒரு கட்டர் ஒடஞ்சா உடனே மிஷினை நிறுத்திரணும். நிறுத்தாம ஓட்டினா அந்தப் பாரம் பக்கத்துக் கட்டர் மேல ஏறி, அதுவும் போயிரும்."

நிமிர்ந்தால், காபித் தட்டோடு கோமதி அடுக்களை வாசலில் நின்று என் பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். போட்டோவைவிட நேரில் அழகு. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"கட்டர் எப்படிக் கல்லை ஒடைக்கும்னு காட்டுதேன் பாருங்க" என்று ஓர் உருண்டையை எடுத்து வலது கடைவாயில் வைத்தேன்.

"ஏலே, அது..." என்றார் சித்தப்பா.

அதற்குள் முழு அழுத்தத்தையும் கொடுத்துவிட்டேன். டக்.

"ஒடஞ்சிட்டா?" என்று ஆவலாகக் கேட்டார் கோமதியின் அப்பா. உடைந்துவிட்டது. ஆனால் உருண்டை அல்ல. நாக்கில் அரைப் பல் கிடந்தது.

எச்சில் பண்ணிய உருண்டையைத் தட்டில் திரும்ப வைத்தால் சபையில் மானம் போய்விடும். பலகாரம் செய்த கோமதியின் அம்மா வேறு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பல்லை விழுங்கினேன். சிரித்த முகமாக உருண்டையை இடப்பக்கம் தள்ளி, மறுபடியும் கடித்தேன்.

டக்.

அந்தப் பக்கப் பல்லும் போயிற்று. கண்ணில் பொலபொலவென்று நீர். "சுக்கு கொஞ்சம் தூக்கலாப் போச்சோ?" என்று அந்த அம்மா பதறினார்.

அந்த நேரம் பார்த்து, "பொண்ணைப் புடிச்சிருக்கா தம்பி?" என்று கேட்டார் கோமதியின் அப்பா.

ஊரில் எவனாவது கேட்க மாட்டானா என்று ஏங்கி, வாழ்நாளெல்லாம் பேசியவன் நான். ஒரே ஒரு வார்த்தை தேவைப்பட்ட நேரத்தில் வாயெல்லாம் ரத்தமும் வெல்லமும். திறந்தால் அசிங்கம். முகத்தைச் சுளித்துக்கொண்டு, "ம்ம்" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "தம்பிக்கு இஷ்டமில்ல போலுக்கு" என்று சித்தப்பாவிடம் மெதுவாகச் சொன்னார். அம்மா என்னை முறைத்தாள். எனக்கு உள்ளுக்குள் அழுகை முட்டியது. பல்வலியால் அல்ல, கோமதி கையை விட்டுப் போகிறாளே என்று.

கோமதி காபித் தட்டைக் கீழே வைத்தாள். நேராக என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ஒண்ணு ஒடஞ்சதும் மிஷினை நிறுத்தணும்னு இப்பதான சொன்னீய? நீங்க ஏன் நிறுத்தல?"

வாயைத் திறந்துவிட்டேன். "புடிச்சிருக்கு" என்றேன். புது வெள்ளைச் சட்டையில் சொட்டென்று ரத்தம் விழுந்தது. பிறகு அந்த வீடே சிரித்த சிரிப்பு பூ மார்க்கெட் வரை கேட்டிருக்கும். கோமதிதான் முதலில் சிரித்தாள்.

மாமாவே ஸ்கூட்டரில் வைத்துப் பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மற்றவர்கள் ஆட்டோவில் பின்னால் வந்தார்கள். கல்யாணத் தேதியை அங்கே பெஞ்சில் உட்கார்ந்துதான் பேசி முடித்தார்கள். நான் உள்ளே வாயைப் பிளந்து படுத்திருந்ததால் என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை.

இன்றும் தீபாவளிக்கு மாமனார் வீட்டில் எல்லோருக்கும் உருண்டை வரும். எனக்கு மட்டும் அத்தை அதைப் பொடித்து, டம்ளரில் போட்டு, ஸ்பூனோடு தருவார். போன வாரம் ஒரு சடங்கு வீட்டில் பக்கத்தில் இருந்தவர், "சார், அந்தச் சுரங்க மிஷின்..." என்று ஆரம்பித்தார். நானும் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டேன். கோமதி பந்தியிலிருந்து ஓர் உருண்டையை எடுத்துவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

மிஷினை நிறுத்திவிட்டேன்.