தண்ணீரை நிறுத்தி வைத்த விழா

தண்ணீரை எப்படிச் சிக்கனமாகச் செலவழிப்பது என்று நாட்டுக்கே காட்டித்தரும் பெரும்பொறுப்பு, சிறுமலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. ஊரில் அது சண்முகவள்ளியின் சின்ன வெங்காயக் காட்டில் வந்து இறங்கியது. முதன்முதலில் சொட்டுநீர்க் குழாய் போட்டவள் அவள்தான். மானியத்தில் வந்த குழாய்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி அமலன் வரப்பில் நின்று காட்டைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"என்னம்மா, மண்ணு காஞ்சு கெடக்கு? தண்ணி எங்க?"

"கெணத்துல இருக்கு சார். வெங்காயத் தாள் சாஞ்சிருச்சுல்ல, இனிமே தண்ணி விடக் கூடாது. காயவிட்டுப் பறிச்சாத்தான் பட்டறை போட்டுச் சேத்து வைக்கையில கெடாம இருக்கும். அடுத்த நடவுக்கு வெத வெங்காயமே இதுதான்."

"அது சரி. சிக்கனம் எங்க தெரியுது?"

"தண்ணியே விடலையே சார். இதுக்கு மேல என்ன சிக்கனம்?"

அமலன் பொறுமைசாலி. விளக்கிச் சொன்னார்.

"ஓடுற தண்ணியை நிறுத்துறதுதாம்மா சிக்கனம். ஓடாத தண்ணியை எப்பிடி நிறுத்துறது? வெள்ளிக்கிழமை நீர்ச் சிக்கன விழா. மேலதிகாரி வந்து உங்க காட்டுத் தண்ணியை நிறுத்தி வைக்கிறாரு. அன்னைக்குத் தண்ணி ஓடலேன்னா, குழாய் பயன்பாட்டுல இல்லேன்னு சுருட்டிட்டுப் போயிருவாங்க."

குழாய் போனால் பழையபடி வாய்க்கால் பாசனம்தான். அதற்கு அவள் கிணறு தாங்காது. சண்முகவள்ளி மோட்டார் ரூம் சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் சொட்டுநீரைத் திறந்தார்கள். போட்டோக்காரர் குனிந்தும் படுத்தும் பார்த்துவிட்டு, "சொட்டுறது படத்துல தெரியல சார்" என்றார். உடனே குழாயைக் கழற்றி, மோட்டார்த் தண்ணீரை நேராகக் காட்டுக்குள் விட்டார்கள். இப்போது சிக்கனம் ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரிந்தது.

காலையில் வரவேண்டிய மேலதிகாரி திண்டுக்கல்லில் பிரியாணி சாப்பிட உட்கார்ந்துவிட்டதாகப் போன் வந்தது. திண்டுக்கல் பிரியாணியைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வா என்று சொல்லும் கல்நெஞ்சம் எங்கள் ஊரில் யாருக்கும் இல்லை. காத்திருந்தோம். தண்ணீரும் தன்னை நிறுத்தப்போகிறவருக்காக ஓடியபடியே காத்திருந்தது.

"சார், வெங்காயம் முழுகுது. செத்த நேரம் நிப்பாட்டுறேனே."

"அவரு வந்து நிறுத்தவேண்டிய தண்ணியை நீங்க நிறுத்தினா, அது அவருக்கு மரியாதையா இருக்குமாம்மா?"

சாயங்காலம் கிணறு வற்றித் தண்ணீர் தானாகவே நின்றது. அரசு அனுமதியில்லாமல் நின்ற தண்ணீர் என்பதால் அமலனுக்கு வேர்த்துவிட்டது. அவசரமாக ஒரு லாரித் தண்ணீரை வரவழைத்து மறுபடி ஓடவிட்டார். மேலதிகாரி வந்தார். பலகை மேல் நடந்து போய் வால்வைத் திருகினார். "ஒவ்வொரு துளியும் உயிர்த்துளி" என்றார். முழங்கால் சேற்றில் நின்று நாங்கள் கைதட்டினோம். செல்பி எடுத்து ஸ்டேட்டஸும் வைத்தோம். படம் நன்றாகவே வந்திருந்தது.

வெங்காயம் பட்டறையில் அழுகியது. நாற்றம் பஸ் ஸ்டாப்புவரை வந்தது. நடுவதற்கு விதை இல்லாமல் சண்முகவள்ளி அடுத்த போகம் காட்டைத் தரிசாகப் போட்டாள். அவள் வயிற்றெரிச்சலை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு ஆறவில்லை. ஆனால் அரசாங்கம் அவளைக் கைவிடவில்லை. ஒரு போகம் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் செலவழிக்காத முன்னோடி விவசாயி என்று மேடையேற்றிக் கேடயம் கொடுத்தது. கேடயத்தின் நடுவில் வெள்ளி முலாம் பூசிய வெங்காயம் ஒன்று பளபளத்தது.

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்.

"சார், இத நட்டா மொளைக்குமா?"

அமலன் யோசித்தார். "நட்டுப் பாருங்கம்மா. ஆனா தண்ணி விட்டீங்கன்னா கேடயத்தைத் திருப்பிக் கேப்பாங்க."

இந்தப் போகம் எங்கள் ஊரில் யாரும் வெங்காயம் நடவில்லை. கேடயத்துக்குப் போட்டி அவ்வளவு கடுமை. சண்முகவள்ளி மட்டும் ஒட்டன்சத்திரம் பக்கம் போய் விதை வாங்கிவந்து நட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறாள். விருது வாங்கியவள் இப்படித் தண்ணீரை வீணடிக்கலாமா என்று ஊர்க்காரர்கள் எல்லோரும் சேர்ந்து மனுக் கொடுத்திருக்கிறோம்.